எதிர்த்தரப்பு

ஓல்டன்பர்க் நீதிமன்றத்துக்கு
ஒரே ரயிலில்தான் போனோம்,
வாதியும் பிரதிவாதியும்.
பிரதிவாதி கறுப்பு ரொட்டி கொண்டுவந்திருந்தார்.
வெள்ளரி ஊறுகாய் வைக்காத பாதியை
கேட்காமலே என்னிடம் நீட்டினார்.
வழக்குக் கட்டின் மேலட்டையில்
வீப்கே எய்லர்ஸ், ஹின்னெர்க் எய்லர்ஸ்,
நடுவில் 'எதிர்' என்று ஒரு சொல்.

காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்க வேண்டுமானால்
ஓட்டியவர்மேல் வழக்குப் போட வேண்டும் என்றார் வக்கீல் அம்மா.
அப்பாதான் படிவத்தை நிரப்பினார்,
குற்றவாளியின் பெயரைப் பெரிய எழுத்தில்,
பிழையில்லாமல்.

எனக்கு ஒன்பது வயது. நவம்பர். யேவர் போகும் சாலை.
மூடுபனியில் ஏதோ டிராக்டர்
சிந்திவிட்டுப் போன சர்க்கரைக் கிழங்குகள்.
யாரும் சாகவில்லை.
இதை அவர்கள் நான்கு கடிதங்களில் எழுதிவிட்டார்கள்.
இடது புருவத்தில் இரண்டு தையல், அவ்வளவே.
கார் வாய்க்காலில் சாய்ந்து கிடந்தது.
இண்டிகேட்டர் மட்டும்
இன்னும் எங்கோ திரும்பப் போவதாக
டிக் டிக் டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது,
தீயணைப்புக்காரர் பாட்டரி ஒயரை வெட்டும்வரை,
நாற்பது நிமிடம்.

அதற்குப் பிறகு
வெட்டுவதற்கு ஒயர் கிடைக்கவில்லை.

சுவர்க்கடிகாரத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம்.
பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர் சைக்கிள், பனியிலும்.
ஃபெக்டாவில் நல்ல வேலை ஒன்று கிடைத்தது,
பஸ் போகாத ஊர்.
காதலித்தவன் பேனாவை அழுத்தி அழுத்தி விடுவான்.
நல்லவன்தான்.

காயம் எங்கே என்று கேட்டார் நிபுணர்.
காயம் என்றால் புண், காயம் என்றால் உடம்பும்தான்.
எதைக் காட்டுவது?
பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓர் எண் சொல்லுங்கள்.
ஏழு என்றேன்.
ஒன்பது சொன்னால் நடிப்பு என்பார்கள்,
ஐந்து சொன்னால் சம்பளமாகக்கூடத் தேறாது.
ஏழு என்பது
முந்தின இரவு நானும் பிரதிவாதியும்
சமையலறையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது.

நீதிபதிக்கு ஜலதோஷம்.
ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் மூக்கைச் சிந்தினார்.
அந்தப் பனிக்கு உங்கள் வேகம் அதிகமா?
காப்பீட்டு வக்கீல் எழுவதற்குள்
ஆமாம் என்றார் அப்பா.
சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?
இல்லை. ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தேன்.
ஏன்?
சும்மா.

சும்மா இல்லை.
பின்சீட்டிலிருந்து நான்தான்
வேற பாட்டு, வேற பாட்டு என்று
அவர் சீட்டை உதைத்துக்கொண்டிருந்தேன்.
பதினான்கு வருடமாக எனக்குத் தெரியும்.
அவருக்கு ஞாபகம் இல்லை என்று நினைத்திருந்தேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை
ஓர் அங்குலம் நகர்த்தினார்.

சட்டத்தில் அதற்கு வலிப்பணம் என்று பெயர்.
பதினோராயிரத்து நானூறு யூரோ.
தெரிந்தவை, தெரியாதவை,
இனிமேல் வரக்கூடியவை
எல்லாமும் இத்துடன் தீர்ந்தன என்று
ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள்.
இனிமேல் வரக்கூடியவை.
அந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
ஈடு என்றால் சமம் என்றல்லவா அர்த்தம்.
தராசின் ஒரு தட்டில் இந்தத் தொகை,
மறுதட்டில் என்ன வைத்தார்கள் என்று
யாரும் எனக்குக் காட்டவில்லை.
போட்டுவிட்டேன்.
வாடகை பாக்கி இருந்தது.

வெளியே மழை. நாலரைக்கே இருட்டு.
ரயில் ரத்து என்று பலகை.
டாக்ஸிகள் வரிசையாக நின்றன.
அடுத்ததுக்கு இருப்போம் என்றார்,
அவருக்கு அன்று இரவு ஷிப்ட் இருந்தும்.

ஸ்டேஷனுக்கு ஒரு சாலையைக் கடக்க வேண்டும்.
கண் தெரியாதவர்களுக்காக
இந்த ஊர்களில் சிக்னல் கம்பம் இரவும் பகலும் துடிக்கும்,
டிக் டிக் டிக்.
நல்ல ஏற்பாடு. யாரையும் குறை சொல்ல முடியாது.
சிவப்பு மாறவே மாட்டேன் என்றது.
எதிர்த்தரப்பு
எனக்கும் கம்பத்துக்கும் நடுவில் வந்து நின்று,
பழகிப்போன கையால்,
ரொட்டி வாசத்தோடு,
என் இடது காதைப் பொத்தியது.